மீட்டரும் ஓர் அளவைதான்

 



வீண்விரயம் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மில் பலர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "ஹழ்ரத், கரண்ட் பில்லை நான் ஒரு நாளும் நிறுத்தி வைத்ததில்லை. இப்போது காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் கரண்ட் எடுக்கிறார்கள். காற்றுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. என் காசில் என் வீட்டில் நாலு லைட் கூடுதலாக எரிந்தால் அதில் என்ன குற்றம்?"

நியாயமான கேள்விதான். இதற்குள் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, காற்று இலவசம். இன்னொன்று, பில் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த இரண்டையும் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். மணிமங்கலத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று நம்மைச் சுற்றி இரவு பகலாக ஆலைகள் ஓடுகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மின்சாரம் நம் கையிலிருந்துதான் போகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

காற்று யாருடையது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளிகளுக்குள் நெருக்கி நுழைந்து, வேகம் பிடித்து நம் பக்கம் இறங்குகிறது. இதனால்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் காடு போல் நிற்கின்றன. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் ஒரு சோதனைப் பண்ணையாகத் தொடங்கியது இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிய நிறுவுதிறனாக வளர்ந்திருக்கிறது. நீண்ட காலம் காற்று மின்சாரத்தில் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருந்தது நம் மாநிலம்.

தண்ணீர், புல், நெருப்பு இந்த மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத் நூலில் இருக்கிறது. ஃபகீஹ்கள் இதை விரித்துச் சொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. ஆற்றில் ஓடும் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஒருவர் அதைத் தன் உழைப்பால் பாத்திரத்தில் எடுத்துவிட்டால் அது அவருக்குச் சொந்தம், அவர் விற்கலாம். திறந்த வெளியில் ஒருவர் மூட்டிய நெருப்பில் மற்றவர்கள் குளிர்காயலாம், அதன் வெளிச்சத்தில் அமரலாம், தங்கள் விளக்குத் திரியைப் பற்ற வைத்துக்கொள்ளலாம். ஆனால் எரியும் கட்டையை எடுத்துப் போக அவருடைய அனுமதி வேண்டும்.

காற்றும் இப்படித்தான். வீசும் காற்று அல்லாஹ்வின் பொதுக் கொடை. கோபுரம் நட்டு, இறக்கை பூட்டி, கம்பி இழுத்து அதை மின்சாரமாக்கியவர் விலை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொருளின் வேர் பொதுச் சொத்து என்பது மறந்துபோகக் கூடாது. ஆரல்வாய்மொழியில் வீசும் காற்று கம்பி வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஆலைகளை ஓட்டுகிறது. தெற்கே காற்றாலை வைத்திருக்கும் நிறுவனம், அது உற்பத்தி செய்த யூனிட்டுகளை மின்வாரியக் கம்பி வழியாக இங்கே தன் ஆலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை வாரியத்திடம் இருப்பு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. காற்றாலை நின்ற மண்ணின் மக்களுக்குக் கிடைத்தது என்ன? நிலம் விற்ற பணம், சிலருக்குக் காவல் வேலை. 1990-களில் நட்ட காற்றாலைகளில் பல, வாங்கிய முதல் ஆண்டிலேயே முழு மதிப்பையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் சலுகை பெறுவதற்காகவே நடப்பட்டவை. அவற்றில் சில சரியாகச் சுற்றவும் இல்லை. செயல்கள் நிய்யத்தைக் கொண்டே என்று நாம் ஓதுகிறோமே, அது இரும்புக் கோபுரத்துக்கும் பொருந்தும்.

காற்று நின்றால்?

இப்போது "காற்று இலவசம்" என்ற முதல் வாதத்தைப் பார்ப்போம். அஷ்ஷூரா அத்தியாயத்தின் 33-வது வசனத்தில் அல்லாஹ் ஒரு காட்சியைச் சொல்கிறான். அவன் நாடினால் காற்றை அடக்கிவிடுவான், கப்பல்கள் கடலின் மேல் அப்படியே நின்றுவிடும் என்பது அதன் கருத்து. பொறுமையும் நன்றியும் உள்ளவர்களுக்கு இதில் அத்தாட்சிகள் இருப்பதாகவும் அந்த வசனம் நினைவூட்டுகிறது.

அந்தக் காட்சியை நம் மாநிலம் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காற்று. ஆடி மாதத்தில் நல்ல நாட்களில் காற்றாலைகள் மட்டுமே 5,000 மெகாவாட்டைத் தாண்டித் தருகின்றன. பிறகு காற்று இறங்குகிறது. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சில நாட்களில் அத்தனை ஆயிரம் காற்றாலைகளும் சேர்ந்து சில நூறு மெகாவாட்தான் தருகின்றன. ஆனால் நம் தேவை காற்றைப் பார்த்து இறங்குவதில்லை. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

அப்படியானால் தை மாத இரவில் உங்கள் வீட்டில் எரியும் விளக்கு எதனால் எரிகிறது? பெரும்பாலும் நிலக்கரியால். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். ஒன்றரை டன் ஏசியை ஆளில்லாத அறையில் ஒரு மணி நேரம் ஓட விட்டால், எங்கோ ஒரு கிலோவுக்கு அருகில் கரி எரிந்து, கால் கிலோவுக்கு மேல் சாம்பல் விழுகிறது.

அந்தச் சாம்பல் விழும் இடம் நமக்குத் தூரமில்லை. எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிவதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நெய்வேலியிலோ சுரங்கத்துக்காக நிலம் போனது. 2023 ஜூலையில் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. முன்பே இழப்பீடு கொடுத்து எடுத்த நிலம் என்றது நிறுவனம். நட்ட பயிர் கண் முன்னே போகிறதே என்றார் விவசாயி. சட்டம் எதைச் சொன்னாலும், பணம் கொடுத்தவுடன் எல்லா ஹக்கும் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு அந்த வயலே சாட்சி.

ஸஅத் (ரலி) அவர்கள் உளூச் செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்த வழியாக வந்து, இது என்ன விரயம் என்று கேட்டார்கள். உளூவிலுமா விரயம் என்று ஸஅத் (ரலி) வியந்தார்கள். ஓடும் ஆற்றில் இருந்தாலும் ஆம் என்ற பொருளில் நபி (ஸல்) பதில் சொன்னார்கள். இப்னு மாஜாவில் வரும் இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் வரிசை பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடம் பேச்சு உண்டு. ஆனால் இதன் கருத்துக்கு அஃராஃப் அத்தியாயத்தின் 31-வது வசனம் துணை நிற்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்த கையோடு, விரயம் செய்வோரைத் தான் நேசிப்பதில்லை என்று அல்லாஹ் அங்கே எச்சரிக்கிறான்.

ஓடும் ஆற்றில் நாம் சிந்தும் தண்ணீர் ஆற்றுக்கே திரும்பிப் போகிறது. யாருக்கும் நட்டமில்லை, காசும் இல்லை. அங்கேயே விரயம் என்ற பேச்சு வந்துவிட்டது என்றால், விரயம் என்பதை அளப்பது பில் தொகை அல்ல என்று புரிகிறது. நிஃமத்தை அதன் மதிப்புக்குக் கீழே நடத்துவதுதான் விரயம். காற்றே முழுக்க நம் மின்சாரத்தைத் தந்தாலும் இந்தச் சட்டம் மாறாது. கரியும் சாம்பலும் சேர்ந்திருக்கும்போது, அதனோடு பிற மனிதரின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது.

இருட்டு யாருக்குப் போனது?

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2012 நன்றாக நினைவிருக்கும். மின் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த ஆண்டு. காற்றுக் காலம் முடிந்ததும் வெட்டு இன்னும் கூடியது. சென்னை நகரத்தில் நாளுக்கு 2 மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பல ஊர்களில் 10 மணி நேரத்துக்கும் மேல். கோவையில் சிறு பட்டறைகள் முடங்கின. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வைத்துப் படித்தார்கள். காற்றாலைகள் சுற்றும் திருநெல்வேலிச் சீமையும் கோவை மண்டலமும் இருட்டில் இருந்தன. அவர்களும் பில் கட்டியவர்கள்தான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரு பொருள் குறையும்போது, அந்தக் குறை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. குரல் குறைந்தவர் மேல் முதலில் விழுகிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்த இடத்தில் நாம் குரல் உயர்ந்தவர்களாக இருக்கிறோமோ, அந்த இடத்தில்தான் அல்லாஹ் நம்மைக் கேட்பான். ஆலைகளும் அரசும் தங்கள் அளவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்களின் பயன்பாடு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிது என்பதும் உண்மை. ஆனால் அது நம் கணக்கைக் குறைக்காது. மணிமங்கலத்தில் நம் குரல் உயர்ந்திருக்கும் இடம் எது? வாடகை வீட்டின் சப் மீட்டர்.

மீட்டர் ஓர் அளவை

நம் பகுதியில் நெல் விளைந்த இடங்களில் இன்று வரிசை வரிசையாக அறைகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் தங்குகிறார்கள். சங்கரன்கோவில், கயத்தாறுப் பக்கத்துப் பிள்ளைகளும் தங்குகிறார்கள். தன் ஊர்க் காற்று சுற்றிய சக்கரத்திலிருந்து வந்த மின்சாரத்தை, இங்கே ஓர் அறையில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கொடுத்து வாங்குகிற பிள்ளை நம் தெருவிலேயே இருக்கலாம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறுகிறது, 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னும் ஏறுகிறது. பல அறைகளை ஒரே இணைப்பில் வைத்திருக்கும் வீட்டுக்காரர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு: "எல்லோரும் சேர்ந்து ஓட்டுவதால் பில் மேல் படிக்குப் போய்விடுகிறது. நான் என் கையிலிருந்து போட முடியுமா?" போட வேண்டாம். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

ஓர் உதாரணம். இரண்டு மாதத்துக்கு மொத்தம் 600 யூனிட் ஓடியது, பில் 3,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி யூனிட்டுக்கு 5 ரூபாய். அறைகளில் ஓடியது 400 யூனிட், உங்கள் வீட்டில் ஓடியது 200. நீங்கள் அறைக்காரர்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் 3,600 ரூபாய் வருகிறது. அதாவது முழு பில்லையும் அவர்கள் கட்டிவிட்டார்கள், உங்கள் வீட்டு விளக்கும் ஃபிரிட்ஜும் அவர்கள் காசில் ஓடின, அதற்கு மேல் 600 ரூபாய் உங்கள் பையில். அரசு கொடுத்த இலவச யூனிட்டும் உங்கள் பக்கமே நின்றுவிட்டது. ஊரை விட்டு வந்து ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவர், சொந்த வீடு உள்ள உங்களுக்கு மானியம் கொடுக்கிறார்!

"விலை சொன்னேன், ஒப்புக்கொண்டார், இது வியாபாரம்தானே" என்று சிலர் சொல்லலாம். வியாபாரத்தில் இலாபம் ஹலால்தான். ஆனால் மின்வாரியம் உங்களுக்கு இணைப்பைக் கொடுத்தது வீட்டு உபயோகத்துக்கு, மின்சாரம் விற்பதற்கு அல்ல. அதோடு, "இபி பில்லுக்குத்தான் வாங்குகிறேன்" என்ற பேச்சோடுதான் பெரும்பாலும் இந்தக் காசு வாங்கப்படுகிறது. பில்லைக் காட்டச் சொன்னால் முகம் மாறுகிறது. வேறு போக்கிடம் இல்லாதவரின் தலையசைப்பை முழுத் திருப்தி என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். தங்களுக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு என்று அல்லாஹ் அங்கே கண்டிக்கிறான். அதைக் கேட்கும்போது நம் மனதில் மரக்காலும் படியும் தராசும்தான் வருகின்றன. ஆனால் சுவரில் சிவப்பு விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டியும் ஓர் அளவைதான். வாரியத்திடம் யூனிட்டுக்கு 5 ரூபாய்க்கு வாங்கியதை, வாரியத்தின் பெயரைச் சொல்லி அடுத்தவருக்கு 9 ரூபாய்க்கு அளந்தால் அது எந்த வரிசையில் சேரும்? நீங்களே உங்கள் கல்பிடம் கேளுங்கள்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி செய்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. மறைப்பதுதான் அங்கே குற்றமாயிற்று. ஆகவே பில்லை மேலே வையுங்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுங்கள். வரும் சராசரியை எல்லா அறைக்கும், உங்கள் வீட்டுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுச் செலவு உண்டென்றால் அதைப் பராமரிப்பு என்று தனியாகச் சொல்லி வாங்குங்கள்.

வாடகை தாமதமானதும் ஃபியூஸைப் பிடுங்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. வாடகைதாரருக்கு மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசியங்களைத் துண்டிப்பதை 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும், தகரக் கூரைக்குக் கீழே இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரின் மின்விசிறியை நிறுத்துவது ஒரு முஃமினுக்கு ஏற்ற செயல் அல்ல.

இதுவரை கூடுதலாக வாங்கியதற்கு என்ன செய்வது? மனிதரின் ஹக்கில் தவ்பா செய்வது நாவோடு முடிவதில்லை. உரியவரிடம் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரே மனமுவந்து மன்னிக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லாதீர்கள். அவருடைய எண் உங்கள் கைபேசியில் இருக்கிறது, ஜிபே இருக்கிறது. எவ்வளவு தேடியும் கிடைக்காதவருக்காக, அந்தத் தொகையை அவர் பெயரில் ஸதகாவாகக் கொடுத்துவிட உலமாக்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். கியாமத் நாளில் ரூபாய் செல்லாது. அங்கே நன்மைகளைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தேவை எது, விரயம் எது?

இதைப் படித்துவிட்டு, நோயாளித் தாயின் அறையில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாத ஜும்ஆவில் முதியவர்களுக்காகப் பள்ளிவாசலில் ஏசி ஓடினால் அது ஹாஜத், தேவை. தொழுகை முடிந்து ஸஃப்கள் காலியான பிறகும் கதவு திறந்தபடி அது ஓடினால் அது இஸ்ராஃப். பிள்ளை படிக்கும் விளக்கு தேவை. மூன்று நாள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் எரியும் சீரியல் செட், அதுவும் கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்தது என்றால், விரயத்தோடு திருட்டும் சேர்ந்தது. வீட்டு இணைப்பில் கடை நடத்துவதும் பொய்க் கணக்குதான்.

பள்ளிவாசலின் மின்சாரம் வக்ஃபுப் பணம், ஜமாஅத்தின் அமானத். வழிபாட்டுத் தலங்களுக்கு அரசு தனிக் கட்டண விகிதம் வைத்திருக்கிறது. அந்தச் சலுகைக்குப் பின்னாலும் பொதுமக்கள் பணம் இருக்கிறது. எனவே ஒவ்வொரு மஹல்லாவிலும் முத்தவல்லியும் நிர்வாகிகளும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பள்ளியின் யூனிட் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம். கணக்கு வெளியே தெரிந்தால் கை தானாகவே சுவிட்சைத் தேடும். பள்ளிக்குச் சொந்தமான வாடகை அறைகள் இருந்தால், சராசரி விகிதத்தை முதலில் அங்கே நடைமுறைப்படுத்துவதே நல்ல முன்மாதிரி. மிம்பரில் சொல்வதை வக்ஃபு அறைகளில் செய்யாவிட்டால் யார் கேட்பார்கள்?

அன்பிற்குரியவர்களே! முதலில் பார்த்த கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். காற்று இலவசம் என்பதால் அது மதிப்பற்றது ஆகிவிடாது. விலை கேட்காமல் தந்தவனிடம்தான் நாம் பதில் சொல்ல வேண்டும். பில் கட்டியது மின்வாரியத்தோடு உள்ள கணக்கைத் தீர்க்கிறது. சாம்பல் சுமக்கும் மீனவரோடும், இருட்டைச் சுமந்த ஊர்களோடும், நம் மாடியில் தங்கும் தொழிலாளியோடும் உள்ள கணக்கு அதில் வருவதில்லை. அவற்றில் கடைசிக் கணக்கு முழுக்க நம் கையில் இருக்கிறது. இந்த வாரமே பில்லை எடுத்து, பக்கத்தில் ஒரு கால்குலேட்டரை வைத்து, வகுத்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! காற்றை அனுப்புபவனும் நீயே, அடக்குபவனும் நீயே. உன் நிஃமத்துகளை விரயமாக்காமல் பயன்படுத்தும் பக்குவத்தை எங்களுக்குத் தருவாயாக. அளப்பதில் நேர்மையை, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. வீட்டை விட்டு வந்து எங்கள் ஊரில் உழைக்கும் மக்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. அவர்களின் சுமையை எங்கள் கையால் கூட்டாமல் எங்களைப் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.